பனை ஏறும் காசு

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டு ஓரம் கருப்பட்டிக் காப்பி போடுகிற கடை ஒன்று உண்டு. சீனி போட்ட காப்பி கேட்டாலும் கிடைக்கும், கடைக்காரர் முகம் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் என் அக்கா மகன் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். அவன் வத்தல் மூட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பொட்டலத்துக்குள் மெல்லிய தங்கக் காசு ஒன்று. மேல் விளிம்பில் வளையம் பற்ற வைத்திருந்தது.

"அப்பத்தாவோட காசுமாலையில இருந்தது மாமா. மாலைய எப்பவோ அழிச்சாச்சு. இது ஒண்ணு மட்டும் அரிசிப் பானைக்குள்ள கிடந்துச்சு. இதுல என்ன சாமி மாமா?"

வாங்கிப் பார்த்தேன். நடுவில் நட்டமாக ஒரு கம்பு. உச்சியில் ஏதோ விரிந்திருக்கிறது. இடப்பக்கம் நீள அங்கி போட்ட ஒருவர் நிற்கிறார். வலப்பக்கம் தலையில் குல்லாய் வைத்த ஒருவர் கம்பைப் பிடித்தபடி முட்டி போட்டிருக்கிறார். காசைத் திருப்பினால், நீள்வட்டத் திருவாசிக்குள் ஒருவர் நிற்கிறார். அவரைச் சுற்றி நட்சத்திரங்கள்.

"அப்பத்தா என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

"பனை ஏறுறவன்னு சொல்லும்."

அப்பத்தா தானாகச் சொன்னதில்லை அது. தெற்குச் சீமையில் இந்தக் காசுக்கு வழங்கிய பெயரே 'சாணார் காசு'. கம்பைப் பனை என்று பார்த்தார்கள், உச்சியில் விரிந்ததை ஓலை என்று பார்த்தார்கள், முட்டி போட்டவரைப் பனை ஏறப் போகிறவராகப் பார்த்தார்கள். அந்தச் சாதிப் பெயரை இன்று யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது. சொல்லுக்குள் இருந்த இழிவை எதிர்த்து நெடுங்காலம் போராடி, 1921இல் அரசு ஏட்டில் நாடார் என்ற பெயரை ஏற்றினார்கள். பழைய காசின் பெயராக மட்டும் அதை இங்கே ஒரு தடவை எழுதிவிட்டு விட்டுவிடுகிறேன்.

"அப்ப இது நம்ம ஊர்க் காசா?"

"இல்ல மாப்ளே. இது இத்தாலியில வெனிஸுன்னு ஒரு ஊரு, கடலுக்குள்ளயே கட்டின ஊரு. அங்க அடிச்ச காசு. பேரு டுகாட்."

நிற்பவர் புனித மாற்கு. நற்செய்தி எழுதிய நால்வரில் ஒருவர், வெனிஸின் காவல் புனிதர். நம்ம பக்கத்து வழக்கில் சொன்னால் ஊர்த் தெய்வம். முட்டி போட்டிருப்பவர் வெனிஸ் ஆட்சித் தலைவர். அவருக்கு 'டோஜே' என்று பெயர். ராஜா இல்லை, வம்ச உரிமை இல்லை, ஊர்ப் பெரிய குடும்பங்கள் தேர்ந்தெடுக்கும் ஆள். கம்பு, கொடிக்கம்பு. மாற்கு கொடியைக் கொடுக்கிறார், டோஜே வாங்கிக்கொள்கிறார். மறுபக்கம் திருவாசிக்குள் நிற்பது இயேசு. அந்த நீள்வட்டத்தை இத்தாலியர் வாதுமைப் பருப்பு என்ற பொருள் வரும் சொல்லால் அழைக்கிறார்கள். வடிவம் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் உற்சவ மூர்த்தியைப் பார்த்த கண்ணுக்கு அது திருவாசியாகத்தான் தெரியும்.

அவரைச் சுற்றி லத்தீனில் ஓர் எழுத்து வளையம் உண்டு. கிறிஸ்துவே, நீர் ஆளும் இந்த நாடு உமக்கே கொடுக்கப்படட்டும் என்பது அதன் பொருள். அந்த வாசகத்தில் நாடு என்பதற்கு வரும் 'டுகாட்டுஸ்' என்ற சொல்லே காசின் பெயராகிவிட்டது. இதைச் சொன்னதும் மருமகனுக்கு விளங்கவில்லை. திருவனந்தபுரம் கோயில் கதையைச் சொன்னேன். 1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரையே பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் சாமிக்குப் பதிலாக ஆண்டார். வெனிஸ்காரர்கள் அதே தானப் பத்திரத்தை ஒவ்வொரு காசிலும் பொறித்து வைத்திருந்தார்கள்.

டுகாட்டை முதலில் அடித்தது 1284இல், ஜியோவான்னி டாண்டோலோ டோஜேயாக இருந்தபோது. எடை சுமார் மூன்றரை கிராம். அன்றைய உருக்குப் பட்டறையில் எட்டக்கூடிய அளவுக்குச் சுத்தத் தங்கம். 1797இல் நெப்போலியன் வந்து வெனிஸ் குடியரசை முடித்து வைக்கும் வரை, ஐந்நூறு வருஷத்துக்கு மேல், எடையும் மாறவில்லை, மாற்றும் மாறவில்லை, படமும் மாறவில்லை. டோஜேயின் பெயர் மட்டும் மாறும். ஐரோப்பாவில் ஓவியமும் சிற்பமும் தலைகீழாக மாறிய காலம் அது. வெனிஸிலேயே டிஷியன் போன்ற ஓவியர்கள் இருந்தார்கள். காசில் மட்டும் அதே விறைப்பான பழைய உருவங்கள். அழகாக்கினால் தூரத்து ஊர்க்காரன் சந்தேகப்படுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"சரி மாமா, முதல்ல இந்தப் படத்த யாரு யோசிச்சா?"

இரண்டாவது டம்ளர் வந்தது. இதற்குப் பதில் சொல்ல வெனிஸை விட்டுக் கிழக்கே போக வேண்டும். இன்றைய இஸ்தான்புல், அன்றைய கான்ஸ்டாண்டிநோபிள். ரோம சாம்ராஜ்யத்தின் கிழக்குப் பாதிக்கு அதுதான் தலைநகரம். மேற்குப் பாதி விழுந்த பிறகும் அது 1453 வரை நின்றது. பைசாந்தியப் பேரரசு என்று இன்று எழுதுகிறோம். அவர்கள் தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

அவர்களுடைய தங்கக் காசு சாலிடஸ், சுமார் நாலரை கிராம். அதில் சிலுவை வெகுநாளாக இருந்தது. பழைய ரோமரின் வெற்றித் தேவதை மெல்லத் தேவதூதனாக உரு மாறி நின்றதும் உண்டு. ஆனால் முன்பக்கம் எப்போதும் பேரரசனுக்கு. 692ஐ ஒட்டி இரண்டாம் ஜஸ்டினியன் என்பவன் இதைக் கலைத்தான். முன்பக்கத்தை இயேசுவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பின்பக்கத்துக்குப் போனான். நீள முடியும் தாடியுமாக இயேசு, சுற்றிலும் ஆள்வோரை ஆள்பவர் என்ற வாசகம். பின்பக்கத்தில் சிலுவையைப் பிடித்தபடி அவன், கூடவே கிறிஸ்துவின் அடிமை என்ற வாசகம். பணிவா, சாமர்த்தியமா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. சாமிக்கு நேர் அடிமை என்று சொல்லிக்கொள்கிறவனை மற்றவர்கள் தட்டிக் கேட்பது கஷ்டம். இவனை அப்படியும் கேட்டார்கள். 695இல் மூக்கை அறுத்து நாடு கடத்தினார்கள். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து மறுபடி ஆட்சியைப் பிடித்தான். அப்போது அடித்த காசில் இயேசுவின் முகத்தையே மாற்றிவிட்டான்: சுருட்டை முடி, குட்டைத் தாடி.

எதிர்ப்பக்கத்தில் டமாஸ்கஸில் கலீபா அப்துல் மாலிக். அரபு நாட்டில் அதுவரை தங்கம் என்றால் பைசாந்தியக் காசுதான் புழக்கம். அதைப் பார்த்து அவர்களும் தங்கக் காசு அடித்தார்கள். படிக்கட்டுப் பீடத்தின் மேல் சிலுவை நிற்கும் இடத்தில், குறுக்குக் கட்டையை மட்டும் எடுத்துவிட்டார்கள். படிக்கட்டு மேல் வெறும் கம்பம். பிறகு ஹிஜ்ரி 77இல், அதாவது 696-97இல், உருவமே வேண்டாம், எழுத்து போதும் என்று முடிவு செய்தார். அன்று தொடங்கிய எழுத்துக் காசு மரபுதான் டெல்லி சுல்தான்கள், முகலாயர் வழியாக நம் ஊர் ரூபாய் வரை வந்தது.

"குறுக்குக் கட்டைய எடுத்தா கம்பம். கம்பத்துல ஓலையப் போட்டா பனை," என்றான் மருமகன். லோடு ஏற்றுகிறவனுக்கு எதைக் கழிக்கலாம், எதைக் கூட்டலாம் என்பது கைவந்த கணக்கு.

பைசாந்தியத்துக்குள்ளேயும் உருவச் சண்டை வந்தது. எட்டாம் நூற்றாண்டில் சில பேரரசர்கள் புனிதர் படங்களை வணங்குவது விக்கிரக வழிபாடு என்று தடுத்தார்கள். காசிலிருந்து இயேசு அதற்குச் சற்று முன்பே போயிருந்தார்; அந்த இடத்தில் பேரரசன், அவன் மகன், அவன் அப்பா என்று குடும்பப் படம் வந்தது. 843இல் தடை முடிந்தது. மூன்றாம் மைக்கேலின் காசில் இயேசு திரும்பினார். எப்படி வரைவது என்று நாணயக்கூடத்தில் யோசித்திருப்பார்கள் போல. ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய இரண்டாம் ஜஸ்டினியன் காசைப் பார்த்தே அச்சு வெட்டினார்கள்.

அதன் பிறகு காசே ஒரு சின்னக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. ஆறாம் லியோ காலத்தில் (886-912) இரண்டு கையையும் விரித்து வேண்டும் மரியாள் வந்தாள். அடுத்தடுத்து வந்தவர்கள் தங்கள் தலையில் மரியாள் கை வைத்து ஆசீர்வதிப்பது போல அடித்துக்கொண்டார்கள். 970களில் ஜான் சிமிஸ்கஸ் செப்புக் காசிலிருந்து தன் பெயர், முகம் இரண்டையும் எடுத்துவிட்டான். ஒரு பக்கம் இயேசுவின் உருவம், மறுபக்கம் இயேசு கிறிஸ்து அரசர்க்கு அரசர் என்ற வாசகம். சில்லறைக் காசு முழுக்க சாமிக்கு. நூறு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. இந்த வரிசையில் ஒருத்தன் மட்டும் ஏடாகூடம். 1057இல் பட்டத்துக்கு வந்த ஐசக் கொம்னேனஸ் உருவிய வாளோடு நிற்பது போலத் தங்கக் காசு அடித்தான். பதவி ஆண்டவன் கொடுத்ததல்ல, வாளால் வந்தது என்கிறானா என்று ஊர் முணுமுணுத்தது.

மருமகன் காசை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான். நாணயவியல் படித்தவர்கள் சுற்றி வளைத்துப் போகிற இடத்துக்கு நேராக வந்துவிட்டான்.

"சாமி படம் போட்டா மாத்து குறையாம இருக்குமா மாமா?"

குறைந்தது. நன்றாகவே குறைந்தது. நாலாம் நூற்றாண்டிலிருந்து எழுநூறு வருஷம் காப்பாற்றிய சுத்தத்தை, பதினோராம் நூற்றாண்டில் யுத்தச் செலவும் அரண்மனைச் செலவும் தின்றன. முதலில் கொஞ்சம் வெள்ளி கலந்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். 1080ஐ ஒட்டி 24 காரட்டில் 8 காரட்தான் தங்கம் என்ற நிலை. காசில் இயேசு அதே சிம்மாசனத்தில் அதே ஆசீர்வாதக் கையோடு உட்கார்ந்திருந்தார். தங்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கடைத்தெருவில் அவர் முகத்தைப் பார்த்து யாரும் காசை வாங்கவில்லை, உரைகல்லைத்தான் நம்பினார்கள். 1092இல் அலெக்ஸியஸ் கொம்னேனஸ் பழைய காசை ஒதுக்கிவிட்டு இருபது காரட்டுக்குச் சற்று மேலே புதுக் காசு அடித்தார். கிண்ணம் மாதிரி குழிந்த காசு. அதற்கு 'ஹைப்பர்பைரன்' என்று பெயர், புடம் போட்டது என்று பொருள். பெயரிலேயே சத்தியம் செய்ய வேண்டிய நிலைமை.

வெனிஸ்காரர்கள் அந்த ஊரில் கடை போட்டிருந்தவர்கள். பேரரசனும் ஒரு புனிதரும் நின்று நடுவில் ஒரு சிலுவையைச் சேர்ந்து பிடித்திருக்கும் காசுகள் அவர்கள் கல்லாவில் தினம் விழுந்தன. இரண்டாம் ஜான் கொம்னேனஸ் புனித ஜார்ஜோடு நிற்பது அந்த வகை. 1190களில் என்ரிகோ டாண்டோலோ என்ற டோஜே வெனிஸில் வெள்ளிக் காசு தொடங்கினார். பேரரசனை எடுத்துவிட்டு டோஜே. ஜார்ஜை எடுத்துவிட்டு மாற்கு. சிலுவைக்குப் பதில் கொடிக்கம்பு. மறுபக்கத்தில் சிம்மாசனத்தில் இயேசு. பக்கத்தில் கிரேக்கச் சுருக்கெழுத்துக்கூட மாறாமல் அப்படியே. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றிருந்தால் பரவாயில்லை. இதே டாண்டோலோ, வயோதிகத்தில், கண் தெரியாத நிலையில், சிலுவைப் போர்ப் படையைக் கூட்டிப் போய் 1204இல் கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடினார்.

1261இல் நகரத்தை மீட்டவர் எட்டாம் மைக்கேல். அவர் காசில் பேரரசன் இயேசுவின் முன் முட்டி போட்டிருக்கிறான், பின்னால் தேவதூதர் மைக்கேல் கூட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதற்கு முன் எந்தப் பேரரசனும் காசில் மண்டியிட்டதில்லை. இருபது சொச்சம் வருஷம் கழித்து வெனிஸின் டுகாட்டில் டோஜேயும் முட்டி போட்டார். அந்த முட்டிதான் உன் அப்பத்தா காசில் இருக்கிறது என்றேன். அடுத்த நூற்றாண்டு நடுவில் பைசாந்தியம் தங்கம் அடிப்பதையே நிறுத்திக்கொண்டது. நகல் மட்டும் நானூறு வருஷத்துக்கு மேல் ஓடியது.

டுகாட் நம் பக்கம் வந்தது மிளகுக்கும் வாசனைச் சரக்குக்கும் விலையாக. வெனிஸிலிருந்து அலெக்சாந்திரியா, அங்கிருந்து செங்கடல், அரபுக் கப்பல், மலையாளக் கரை. வழியில் எகிப்து சுல்தான் பார்ஸ்பாய் 1425இல் பழைய அப்துல் மாலிக் வேலையை மறுபடி செய்தார். டுகாட் எடைக்கே உருவமில்லாத 'அஷ்ரஃபி' அடித்தார். இருந்தும் டுகாட் நிற்கவில்லை. மராட்டிய நாட்டில் பொம்மை என்று பொருள்படும் 'புதலி' என்றார்கள்; அங்கே புதலி மாலை இன்றும் கல்யாண நகை. நம் பக்கம் அது காசுமாலைக்குள் போனது. வெனிஸின் நாணயக்கூடத்துக்கு 'செக்கா' என்று பெயர்; 'சிக்கா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதனால் டுகாட்டுக்கு 'செக்கினோ' என்றும் பெயர். கல்யாணச் சேலையில் மினுங்கத் தைக்கும் ஜமிக்கிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அதிலிருந்துதான் வந்தது.

எழுத்தைக் கிட்டத்தில் பார்க்க மருமகனின் செல்போன் கேமராவை வைத்தோம். கம்பை ஒட்டி மேலிருந்து கீழாக மூன்று லத்தீன் எழுத்து இருக்க வேண்டும், தலைவன் என்ற பொருளில். இதில் மூன்று கீறல்தான் இருந்தது. விளிம்பைச் சுற்றிப் பெயர் வர வேண்டிய இடத்தில் தீக்குச்சி அடுக்கின மாதிரி கோடுகள். ஆக இது வெனிஸில் அடித்ததல்ல; அதைப் பார்த்து நம் ஊர்ப் பக்கம் ஓர் ஆசாரி செய்தது. இந்தியாவில் இப்படிப்பட்ட நகல்கள் நிறைய. எழுத்து தெரியாத கை, எழுத்தைப் படமாகப் பார்த்து நகல் எடுத்திருக்கிறது. ஆனால் கம்பின் தலையில் இருந்த கொடியை நன்றாகக் கவனியுங்கள்: அசலில் ஒரு பக்கமாகப் பறப்பது, இதில் இரண்டு பக்கமும் விரிந்திருக்கிறது. அந்த ஆசாரி பனங்காட்டைப் பார்த்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனாலும் எனக்கு அசலைவிட இந்த நகல் மேலே ஆசை.

"நம்ம ஊர்க் காசுலயும் சாமி உண்டா?" என்று கடைக்காரர் உள்ளே இருந்து கேட்டார்.

உண்டு. விஜயநகர வராகனில் உமாமகேசுவரர், லட்சுமி நரசிம்மர், பாலகிருஷ்ணன், திருப்பதி வெங்கடாசலபதி என்று வரிசையே உண்டு. காசின் பெயரே வராக அவதாரத்தின் பெயர். அதைவிட ருசியான சங்கதி, பிறகு வந்தவர்கள் செய்தது. 1763இல் பெத்னூரைப் பிடித்த ஹைதர் அலி, அங்கே புழங்கிய வராகனின் சிவன் பார்வதி உருவத்தை அப்படியே விட்டுவிட்டு, மறுபக்கத்தில் தன் பெயரின் முதல் அரபு எழுத்தை மட்டும் வைத்தார். டச்சுக்காரர்களின் மதத்தில் உருவத்துக்கே இடமில்லை. சொந்த நாட்டில் தேவாலயச் சிலைகளை உடைத்தவர்கள். நாகப்பட்டினத்தில் அவர்களும் சாமி நிற்கிற வராகன்தான் அடித்தார்கள். சென்னைக் கம்பெனிக்காரன் 1807ஐ ஒட்டி எந்திரத்தில் அடித்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. விஷ்ணுவைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் 'அரைப் பூவராகன்' என்று எழுத்து. யாருக்கும் பக்தி இல்லை. படம் மாறினால் நெசவாளி நூலுக்கு வாங்க மாட்டான், சம்சாரி தானியத்துக்கு வாங்க மாட்டான். 1835இல் கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டு வில்லியம் ராஜா தலையை அடித்தபோதுதான் சாமிகள் காசை விட்டு இறங்கினார்கள்.

இறங்கினார்கள் என்று முழுசாகச் சொல்ல முடியாது. இன்றைக்கும் நகைக்கடையில் எத்தனை பவுன் என்றுதான் கேட்கிறோம். பவுன் என்பது இங்கிலாந்துத் தங்கக் காசு, எட்டு கிராமுக்கு மயிரிழை குறைவு. அதில் 1817இலிருந்து குதிரை மேல் ஏறிப் பாம்பரக்கனைக் குத்துகிற புனித ஜார்ஜ். இரண்டாம் ஜான் கொம்னேனஸோடு சிலுவையைப் பிடித்து நின்றாரே, அதே ஜார்ஜ்.

பெஞ்சின் மறுமுனையில் பெரியவர் ஒருவர் இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தார். வைப்பாறு பக்கத்து ஆள். நாற்பது வருஷம் பனை ஏறினவர். முழங்காலுக்குள்ளும் நெஞ்சிலும் மரம் உரசிக் காய்த்த தழும்பு இப்போதும் பளபளக்கிறது.

"அதக் கொஞ்சம் குடுங்க வாத்தியாரே," என்று கை நீட்டினார்.

காசை உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குக் காட்டினார். செல்போனில் பெரிதாக்கிய படத்தையும் பார்த்தார். புனித மாற்கு, டோஜே, பைசாந்தியம் எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவர் பார்த்தது வேறு.

"மரம் பனைதான்," என்றார். "ஏறுறவன்தான் சரியில்ல. இடுப்புல அரிவாப்பெட்டி இல்ல, கால்ல தளைநார் இல்ல, முருக்குத்தடியயும் காணோம். இப்படி முட்டிய மடக்கி வச்சான்னா ஒரு முழம் ஏற மாட்டான்."

"அவரு ஏறல தாத்தா, கும்பிடுறாரு," என்றான் மருமகன்.

"கும்பிட்டுட்டுத்தான் ஏறணும்," என்றார் பெரியவர். காசைத் துண்டில் ஒரு தடவை துடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, வேம்பாறு வண்டிக்கு எழுந்தார்.